நனவோடை எழுத ஓர் ஆணி வேண்டும்

மனசில் ஓடும் நினைப்பை ஓடுகிறபடியே எழுதும் உத்திதான் நனவோடை. அதில் எழுத உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது முற்றுப்புள்ளியில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு பக்கம், ஒரு புள்ளி கிடையாது. படித்த நண்பர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்?"

எனக்கு வழி காட்டியது அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' (1929) நாவல். வேலிக்குள் நுழையும் பென்ஜி ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறான். கூட வந்த லஸ்டர் சலித்துக்கொள்கிறான். அடுத்து ஆணியிலிருந்து அவனை விடுவிப்பது அக்கா கேடி! பல வருஷம் பின்னால் போய்விட்டோம். வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலின் தொடக்கத்தில் இதே வேலையைக் கதவுக் கீலின் சத்தம் செய்கிறது. ஐம்பதைத் தாண்டிய நாயகி கிளாரிஸா 18 வயதுக்குப் போய்விடுகிறாள்.

அதனால் முதலில் உங்கள் ஆணியைத் தேடுங்கள். பெரிய நினைவு வேண்டாம், காதிலோ தோலிலோ படுகிற ஏதாவது ஒன்று போதும். நான் எடுத்துக்கொண்டது டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம்:

கரண்டி தட்டுகிறது மெதுவாக எழுந்துவிடுவாள் இல்லை அது அந்த ராத்திரி மருந்து கரையவே இல்லை மூடியை எங்கே வைத்தேன் அவள் கைக்குள்தான் இருந்தது விரலைப் பிரிக்க முடியாமல் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார்கள்

'அவள்' அம்மா என்று நான் சொல்லவில்லை. நம் அம்மாவை நாம் மனசுக்குள் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லையே. பழைய வரைவில் 'என் அம்மா, போன வருஷம் இறந்தவள்' என்று இருந்தது. அதை அடித்து நீக்கிய பிறகுதான் பத்திக்கு உயிர் வந்தது. கடைசியில் சர்க்கரை பற்றிய கேள்வி ஆளைத் திரும்ப அறைக்குள் கொண்டுவருகிறது. வுல்ஃபுக்கு அதை லண்டனின் பிக் பென் கடிகார மணி செய்து கொடுத்தது.

சரி, முற்றுப்புள்ளி? அதைக் கடைசியில் பாருங்கள். ஜாய்ஸின் 'யுலிஸஸ்' (1922) நாவலின் முடிவில் மோலி என்ற பெண்ணின் நினைப்பு கிட்டத்தட்ட நிறுத்தக்குறியே இல்லாமல் எட்டு நீண்ட வாக்கியங்களில் ஓடுகிறது என்றால், அவள் ராத்திரியில் படுக்கையில் கிடக்கிறாள், குறுக்கிட ஆள் இல்லை. அதே நாவலில் பகலில் தெருவில் நடக்கும் அவள் கணவன் ப்ளூமின் நினைப்பு துண்டு துண்டாகத்தான் வருகிறது. உங்கள் ஆள் நடக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் புள்ளியை எடுங்கள்.