சட்டம் பிள்ளைக்கு மட்டும் என்றால் போன் கீழே இறங்காது

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற வீடுகளில் விடியும் முன்பே போன் கைக்கு வந்துவிடும். மண்டியில் இன்றைக்கு என்ன விலை என்று அப்பா பார்ப்பார். அம்மா பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பார். ஆயா பக்திப் பாட்டுக் கேட்பார். கடைசியில் "எப்பப் பாத்தாலும் போனு!" என்று திட்டு வாங்குவது எட்டு வயதுப் பையன்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. ராத்திரி சாப்பிடும்போது யாரும் போனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். முதல் நாளே ரிங் வந்ததும் தட்டை விட்டு எழுந்தவனும் நான்தான். பையன் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து சிரித்தான். அதோடு அந்தச் சட்டம் செத்தது. பெரியவர்களுக்கு வேலை அழைப்பு வரத்தான் செய்யும். அதை ஒளிக்க வேண்டாம். "மண்டிக்காரர்கிட்ட பேசிட்டு வெச்சிடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, சொன்னபடி வைத்துவிட்டால் போதும். பேசி முடித்த கையோடு ரீல்ஸுக்குள் நுழைவதில்தான் மானம் போகிறது.

அடுத்த தவறு, எல்லா வயதுக்கும் ஒரே அளவு வைப்பது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது; 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை ஏறக்குறைய இதுவே. ஆனால் சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மருத்துவர்கள் சங்கம் விலக்கு தருகிறது. அப்பா பெங்களூரில் வேலை, அம்மாவும் பிள்ளையும் அரூரில் என்று இருக்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனை! அந்தப் பேச்சைக் கணக்கில் சேர்த்து, "இன்னைக்கு உன் டைம் முடிஞ்சுது" என்பது கொடுமை.

களி இறங்கவில்லை என்று கார்ட்டூனைப் போட்டுக்கொண்டே ஊட்டுவது எளிதாகத்தான் இருக்கிறது. பிள்ளை வாய் திறக்கும், விழுங்கும், வயிறு நிறைந்ததைக் கவனிக்காது. போன் இல்லாமல் சோறே இறங்காது என்ற நாளும் சீக்கிரமே வரும். அந்தப் பழக்கத்தை விடவைக்கும்போது இரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டால் பயப்படாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நடுவில் பிடுங்காதீர்கள். அழுகை அங்கேதான் கிளம்புகிறது. யூடியூபில் ஒன்று முடியும் முன் அடுத்தது வரிசையில் நிற்கும்; தானாக ஓடும் அந்த வசதியை முதலில் அணைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வீடியோ, அப்புறம் நிறுத்தணும்" என்று சொல்லுங்கள். பத்து நிமிஷம் என்பது ஐந்து வயதுக்குப் புரியாது, இரண்டு என்பது புரியும்.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று இருக்கலாமா? அது பூட்டுவது பிள்ளையின் கணக்கு இருக்கும் போனை மட்டும். வீட்டில் நாலு போன் இருக்கும்; பூட்டே இல்லாத ஆயாவின் போன் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆயாவிடம் முன்கூட்டியே பேசி வைக்காத எந்த ஏற்பாடும் ஒரு வாரம் தாங்காது.

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து நடுராத்திரி வருகிறவருக்கு "ஒன்பது மணிக்கு மேல் போன் கூடாது" என்பது வேடிக்கை. அங்கே நேரத்தைவிட இடம் உதவும். எல்லா சார்ஜரும் கூடத்தில் ஒரே மூலையில் இருக்கட்டும், படுக்கைக்குப் போன் போக வேண்டாம். அலாரத்துக்கு வேண்டுமே என்றால் ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

போனை வாங்கிவிட்டுப் பிள்ளையைச் சும்மா உட்காரச் சொல்வதும் நடக்காத காரியம். சாயங்காலம் தெருவில் விடுங்கள். வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆயாவின் ராத்திரி சீரியலை மட்டும் நான் தொடவில்லை. அரை மணி நேரம், அதுவும் டிவியில். கதை என்ன ஆனது என்று மறுநாள் களி கிண்டும்போது அவர் சொல்ல, பையன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.