அக்கசாலைப் பிழையா, தெருவில் பட்ட அடியா?

பத்து ரூபாய் நாணயத்தைப் படம் பிடித்து அனுப்பி, "அண்ணா, இது எரர் காயினா, லட்சத்துக்குப் போகுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உலோகம் எப்படி நகர்ந்திருக்கிறது? அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத்தை அழுத்தும் பிரஸ் எந்திரத்துக்கு டை, அதாவது அச்சு, மாட்டியே வயதான ஆள் நான். எனக்கு நாணயமும் ஒரு பிரஸ் வேலைதான். தகட்டிலிருந்து வெட்டிய வட்டப் பில்லை, அதன் ஓரத்தை உயர்த்தி, காலர் என்ற சுற்று வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் டையோடு அடி. அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் ஆலையில், அந்த அடி முடிவதற்குள் நடந்தது பிழை, அப்புறம் நடந்ததெல்லாம் சேதம்.

டையில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறும். நாணயத்தில் மேடான கோடாக வரும். பள்ளமான கோடு என்றால் அநேகமாகக் கீறல். லூப்பில் (சின்ன பூதக்கண்ணாடியில்) பார்த்தால் இரு பக்கமும் பிசிறு ஒதுங்கி நிற்கும்.

ஓரம் கடிபட்ட நாணயத்தில் கடியை விட்டுவிட்டு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். பில்லையாக இருந்தபோதே வெட்டுப்பட்டிருந்தால், ஓரம் உயர்த்தும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது. விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் அறுத்ததில் அது கூர்மையாகவே நிற்கும்.

அதிகம் ஏமாற்றுவது பத்து ரூபாயில்தான். வளையத்துக்குள் இருக்கும் தனி நடுவட்டைத் தட்டி எடுத்து, திருப்பியோ தள்ளியோ மறுபடி அடித்து உட்கார வைக்கிறார்கள். வளையமும் நடுவட்டும் ஒரே அடியில்தான் இணைகின்றன, படமும் அதே அடியில்தான் விழுகிறது. எனவே அக்கசாலையிலேயே நடுவட்டு விலகியிருந்தால், வட்டு மட்டும்தான் தள்ளியிருக்கும். படம் நாணயத்தின் நடுவிலேயே இருக்கும். வட்டோடு படமும் சேர்ந்து நகர்ந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் சிங்கத்தூண் சரியாக, மறுபக்கம் அதே தூண் இடவலம் மாறிக் குழிவாக வருவது உண்மையான பிழை. முந்தைய நாணயம் டையிலேயே ஒட்டிக்கொண்டதால் வருவது. இரண்டு காசை வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) வைத்து நெருக்கியும் இப்படிச் செய்வார்கள். ஆனால் குழிவுக்கு அடியில் அந்தப் பக்கத்தின் பழைய எழுத்து நசுங்கித் தெரியும்.

மெலிந்த நாணயம் கிடைத்தால் எடை போடுங்கள். தங்கசாலைத் தெருப் பக்கம் எந்த நகைக்கடையிலும் தராசு உண்டு. 1992-இல் வந்த பழைய செப்பு நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம், பத்து ரூபாய் சுமார் 7.7. எடை நன்றாகக் குறைந்து, எழுத்துகள் ஒரே சீராக மழுங்கியிருந்தால் ஆசிட்டில் போட்டது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது டை திரும்பிய நாணயம். மேலும் கீழும் விரலால் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். நம் நாணயத்தில் மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் டை திரும்பியிருக்கிறது. லேசான சாய்வுக்கு மதிப்பில்லை. இதைப் பொய்யாகச் செய்வதும் கஷ்டம்.

பாரிமுனை நடைபாதையில் "ஆண்டுக்குக் கீழே குறி விட்டுப்போச்சு" என்று நீட்டினால் சிரித்துவிட்டு நடங்கள். அது எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் குறி. மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா குறியே போடுவதில்லை.