முட்டையோட சாப்பிட்ட இரும்பு மாத்திரை

ஒன்றரை மாசம் வீணா போச்சு, இப்ப சரியாயிடுச்சு, அதான் எழுதுறேன். ரத்தத்துல ஹீமோகுளோபின் கம்மி, 9.4 தான் இருந்துச்சு, படி ஏறினாலே மூச்சு வாங்கும். டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்தாங்க. ஒரு நாள் கூட விடாம போட்டேன், ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணா 9.6 தான்.

முதல்ல மாத்திரை சரியில்லன்னு நெனச்சு வேற பிராண்டு மாத்தினேன், அப்புறம் காலையில ரெண்டு முட்டைய மூணா ஆக்கினேன், முட்டையில இரும்பு இருக்குன்னு நம்பி. ரெண்டு வாரம் போச்சு, சோர்வு அப்படியே இருந்துச்சு.

அடுத்த தடவ டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, மாத்திரை எப்போ போடுறீங்க? முட்டை சாப்பிட்ட உடனேன்னு சொன்னேன். அங்கதான் விஷயமே. மஞ்சக்கருவுல ஃபாஸ்விட்டின்னு ஒரு புரதம் இருக்கு, அது இரும்ப கெட்டியா பிடிச்சுக்கும், உடம்புக்கு சேர விடாது. ஒரு முட்டையில இருக்குற இரும்பே 1 மில்லிகிராமுக்கும் கம்மி, அதுலயும் கொஞ்சம்தான் ஏறும். கூட நான் குடிச்ச டீயும் தடுக்கும்.

முட்டைய நிறுத்தல, ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம், பி12 வைட்டமின், கோலின்னு ஒரு சத்து எல்லாம் அதுல நல்லாவே இருக்கு. மாத்திரைய மட்டும் வெறும் வயித்துல, ஆரஞ்சு ஜூஸோட, சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மாத்தினேன். ஆறு வாரத்துல 11.3. வயிறு எரிஞ்சா டாக்டர்கிட்ட கேட்டு நேரத்த மாத்திக்கோங்க.