கடிதத்தில் கையெழுத்து வைத்தால் பிரிவு ஆகிவிடாது

மட்டக்களப்பிலிருந்து கட்டார், குவைத் என்று வேலைக்குப் போன பெண்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்: “நாங்கள் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துப் பிரிந்துவிட்டோம்.” சமாதான நீதவான் முன்னால் வைத்திருந்தாலும் பொலிஸில் வைத்திருந்தாலும் அந்தக் கடிதம் பதிவுத் திருமணத்தைக் குலைக்காது. அதற்கு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். (முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், அது தனி வழி.) கடிதத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றவழக்கும் வரலாம்.

ஏழு வருடக் கதையும் அப்படித்தான். ஏழு வருடம் பிரிந்திருந்தால் திருமணம் தானாக அறுந்துபோவதில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608-ஆம் பிரிவின்படி விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். நீதிமுறைப் பிரிவுத் தீர்ப்பு (திருமணம் கலையாமல் தனித்து வாழ நீதிமன்றம் தரும் தீர்ப்பு) பெற்றவர் இரண்டு வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம். அதுவரை மறுமணம் கிடையாது.

“நீ வெளிநாடு போனாய், நீதான் கைவிட்டாய்” என்று கணவன் சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள். இருவரும் பேசி முடிவெடுத்து உழைக்கப் போனதைக் விவாகரத்துக்குக் காரணமாகும் கெடுநோக்குடன் கைவிடலாகச் சட்டம் கொள்ளாது. ஆனால் அதைக் காட்டச் சான்று வேண்டும். பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, தொலைபேசிச் செய்தி, விடுமுறைக்கு வந்துபோன கடவுச்சீட்டு முத்திரை எல்லாம் வழக்கில் பேசும். கோபத்தில் செய்திகளை அழித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும்.

அற்றோணித் தத்துவத்தில்தான், அதாவது உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்தான் பெரிய சறுக்கல். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்படுகிறது. வழக்கை நடத்தத் தம்பிக்கு அதிகாரம் கொடுக்கப்போய், வளவை விற்கும் அதிகாரத்தையும் வாசிக்காமலே கொடுத்துவிடுகிறார்கள். வழக்குக்கு மட்டும் என்று எழுதுவித்து, இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்துங்கள். முன்பு கணவனுக்குக் கொடுத்தது ஏதும் இருந்தால் முதலில் அதை முறைப்படி இரத்துச் செய்யுங்கள். அதிகாரம் பெற்றவர் வழக்கைத் தாக்கல் செய்யலாம். உங்கள் வாழ்க்கையில் நடந்ததை உங்களைப்போல் சாட்சியம் சொல்ல அவரால் முடியாது. விசாரணைத் தவணையை அறிந்து விடுமுறை எடுங்கள்.

வழக்கை எங்கே போடுவது? கணவன் களுவாஞ்சிக்குடியில் இருந்தால் நீங்கள் தோஹாவில் இருப்பது தடையல்ல. இருவரில் ஒருவர் வசிக்கும் எல்லைக்குரிய நீதிமன்றம் போதும். அவருடைய முகவரியை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள். அழைப்பாணை கிடைக்காமல் ஒருதலையாக வந்த தீர்ப்பைப் பின்னர் அவர் நீக்கச் செய்யலாம்.

பிள்ளைகளின் தாபரிப்புக்கு (பராமரிப்புப் பணத்துக்கு) விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். பிள்ளை அம்மம்மாவின் பொறுப்பில் இருந்தால் அவரே பிள்ளைக்காக விண்ணப்பிக்கலாம்.