லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைக் காண உகந்த நேரம்

ஏற்காட்டு மலையின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் நின்று சேலம் நகரைத் தெளிவாகக் காண விரும்புவோர், மழை பெய்து வானம் வெளுத்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கும் நகரைப் பார்க்கும்போது, இடையிலுள்ள தூசும் புகையும் பார்வையை மறைக்கின்றன. மழை குறைவான மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தத் தூசு அடங்காமல் நிற்பதால், ஊர் வெளிறிய திரைக்குப் பின்னால் இருப்பதாகவே தோன்றும். ஒரு நல்ல மழை அதனைக் கழுவிவிட்டால், மேட்டூர் நீர்த்தேக்கம் வரை கண்ணுக்கு எட்டும்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் மேகம் மலைமேலேயே இறங்கிவிடும். அப்போது எதிரிலுள்ள கைப்பிடிக் கம்பியைத் தவிர வேறொன்றும் தெரியாது. புறப்படுமுன் சேலம் நகரின் அஸ்தம்பட்டிப் பக்கம் நின்று வடக்கே பாருங்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிந்தால் தயங்காமல் ஏறலாம்; முகட்டில் மேகம் கவிந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், ஜனவரி மாத வார நாள் ஒன்றின் மாலையையே நான் பரிந்துரைப்பேன். மழைக்காலம் முடிந்திருக்கும், கோடை விழாக் காலமான மே மாதத்தின் நெரிசலும் இராது. லேடீஸ் சீட் தென்மேற்கு நோக்கியிருப்பதால், தென்மேற்கில் சாய்ந்து மறையும் குளிர்காலச் சூரியன் நேர் எதிரே இறங்கும். ஜூனில் 6.40 மணியளவில் மறையும் சூரியன், டிசம்பர் இறுதியில் 6 மணிக்கும் ஜனவரி நடுவில் சற்றே பிந்தியும் மறைகிறது. எனவே 5 மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். சூரியன் மறைந்ததும் பலர் கிளம்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் அதன் பின்வரும் அரை மணி நேரத்தில்தான், வானில் நீலம் எஞ்சியிருக்கும்போதே, தெருத்தெருவாக விளக்குகள் எரியத் தொடங்கி நகரத்தின் வடிவமே புலப்படுகிறது.

கட்டடங்களைப் படமெடுப்போருக்கு மாலை ஒளி எதிரே நின்று கூசும். அவர்கள் சமவெளியின் பனிமூட்டம் கலைந்தபின், சூரியன் முதுகுப்புறம் இருக்கும் முற்பகலில் வரலாம். சூரிய உதயத்துக்குக் கிழக்குப் பக்கமுள்ள பகோடா பாயிண்ட்தான் ஏற்றது.

இருட்டியபின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டியிருப்பதால், சொந்த வாகனத்தில் வருவோர் பனிமூட்ட விளக்கைப் பகலிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பேருந்தில் வருவோர் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏற்காட்டில் இறங்கியவுடனே கேட்டறிந்து, அதற்கேற்ப மாலையை வகுத்துக்கொள்ள வேண்டும்.