வீட்டிலேயே செய்த ஸ்மார்ட் பூட்டை வாலட்டுடன் இணைக்கச் சான்றிதழ் வேண்டுமா?

நீங்களே செய்த ஸ்மார்ட் பூட்டு, கைபேசி வாலட்டில் (கார்டுகளையும் சாவிகளையும் வைத்திருக்கும் செயலி) உள்ள சாவிக்குத் திறக்க வேண்டுமானால், அந்தச் சாவியை வழங்குவது யார் என்பதை முதலில் பாருங்கள்; சான்றிதழ் தேவையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15 உடன் கொண்டுவந்த ஹோம் கீ, அதாவது ஆப்பிள் வாலட்டில் இருக்கும் வீட்டுச் சாவி, பூட்டை ஹோம் செயலியில் சேர்க்கும்போது உங்கள் ஐபோனுக்கும் பூட்டுக்கும் இடையிலேயே உருவாகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான ஹோம்கிட் (ஆப்பிளின் ஸ்மார்ட் வீட்டு அமைப்பு) கருவிகளில் தனி அங்கீகாரச் சிப் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆப்பிள் 2017-இலேயே தளர்த்திவிட்டது. ஆகவே இங்கே சான்றிதழ் தேவையில்லை. சான்று பெறாத கருவி என்று வரும் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் ஹோம் கீ நெறிமுறையை ஆர்வலர்கள் தாங்களே ஆராய்ந்து கண்டறிந்தார்கள் என்பதால், ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அதை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம். சாதாரணச் சாவித் துளையை ஒருபோதும் நீக்காதீர்கள்.

தேவையானவை இஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), கைபேசியை அருகில் காட்டினால் படிக்கும் பிஎன்532 என்எஃப்சி ரீடர், பூட்டை இயக்கும் ரிலே (மின்சுவிட்ச்), இஎஸ்பி32-ஐ ஹோம்கிட் கருவியாக்கும் ஹோம்ஸ்பேன் நிரல் நூலகத்தின் மீது எழுதப்பட்ட திறமூல ஹோம் கீ மென்பொருள். பிஎன்532-இன் சிறு சுவிட்சுகளை எஸ்பிஐ எனும் தரவுப் பரிமாற்ற முறைக்கு மாற்றிய பின் இஎஸ்பி32-உடன் இணையுங்கள். ரீடர் மட்டுமே கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். சாவிகளைச் சேமிக்கும் இஎஸ்பி32-உம் ரிலேயும் உள்ளே இருந்தால், ரீடரைப் பிடுங்கி அதன் கம்பிகளை ஒன்றோடொன்று இணைப்பவரால் கதவைத் திறக்க முடியாது. சான்றிதழைவிட இந்த ஏற்பாடுதான் வீட்டுக்கு உண்மையான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. ஹோம்ஸ்பேனில் இயல்பாக இருக்கும் 466-37-726 என்ற இணைப்பு எண் (ஹோம் செயலியில் சேர்க்கும்போது கேட்கப்படுவது) யாவரும் அறிந்தது என்பதால், அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

விடுதி அறை, அலுவலகம், கார் ஆகியவற்றுக்கான வாலட் சாவிகள் வேறு வகை. அவற்றை ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களே வழங்க முடியும். வீட்டுத் தயாரிப்புக்கு அங்கே வழியில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் கூகுள் வாலட்டை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்டு 4.4 முதல் கிடைக்கும் கார்டு பாவனை வசதியைக் (கைபேசியே என்எஃப்சி கார்டுபோல் நடந்துகொள்வது) கொண்டு சொந்தச் செயலி எழுதலாம். கைபேசி காட்டும் கார்டு எண் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், அதை நம்பாமல், பூட்டு அனுப்பும் புதிய எண்ணுக்குச் செயலி கையொப்பமிட்டுப் பதிலளிக்கும்படி அமையுங்கள்.

இவை அனைத்தும் சொந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஹோம்கிட் பூட்டாக அதை விற்க நினைத்தால், கருவித் தயாரிப்பாளர்களுக்கான ஆப்பிளின் எம்எஃப்ஐ உரிமத் திட்டத்தில் சேர்ந்து சான்றிதழ் பெறுவது கட்டாயம்.