எடைமேடையை லேனில் கோர்ப்பது எப்படி? சீரியல் டிவைஸ் சர்வர், முதல் முறை செய்பவர்களுக்கு

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. டிஸ்பாட்ச் பகுதியில் எடைமேடை, எடையைக் காட்டும் அதன் இண்டிகேட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒன்பது முள் சீரியல் போர்ட். பில் போடும் கம்ப்யூட்டரோ மாடியில், வயர் போகும் வழியில் அளந்தால் அறுபது மீட்டர். எடையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஒரு பையன் நாள் முழுக்க மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். "தம்பி, முதல்ல இந்தச் சீட்டு வேலைய ஒழிச்சுக் குடுங்க" என்றார் ஸ்டோர்ஸ் பார்க்கும் தர்மபுரி அண்ணன்.

இந்த மாதிரி சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 கேபிளைப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒரு லேன் பாயின்ட் சும்மா கிடந்தது. இந்த மாதிரி இடத்துக்குத்தான் சீரியல் டிவைஸ் சர்வர். பெயரில் சர்வர் இருக்கிறதே என்று மிரள வேண்டாம், உள்ளங்கை அளவுப் பெட்டிதான். ஒரு பக்கம் சீரியல், மறுபக்கம் ஈதர்நெட், இந்தப் பக்கம் வரும் எழுத்துகளை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

முதலில் ஒன்று. பெட்டியை அட்டையிலிருந்து இன்னும் எடுக்காதீர்கள். "நெட்வொர்க் பிரச்சனை, வந்து பாருங்க" என்று கூப்பிட்டு நான் போன இடங்களில் பாதிக்கு மேல் கோளாறு சீரியல் பக்கத்தில்தான் இருந்தது. அதை முடித்துவிட்டு நெட்வொர்க்குக்கு வந்தால் வேலை சுலபம்.

படி 1: லேப்டாப்பை நேராக எடைமேடையில் மாட்டுங்கள்

யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்றும், போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் புட்டி (PuTTY) மென்பொருளும் போதும். இண்டிகேட்டரின் கையேட்டில் பாட் ரேட் (டேட்டா ஓடும் வேகம்) எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் 9600 அல்லது 2400 இருக்கும், எட்டு டேட்டா பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட். புட்டியில் அதையே வைத்துத் திறந்தால் எடை வரிவரியாக ஓட வேண்டும். சில இண்டிகேட்டர்கள் பிரின்ட் பட்டனை அழுத்தினால்தான் அனுப்பும், அதையும் அழுத்திப் பாருங்கள்.

கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் குப்பை வந்தால் பாட் ரேட்டோ பாரிட்டியோ தப்பு. ஒன்றுமே வராவிட்டால் முதல் சந்தேகம் கேபிள் மேல். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை இண்டிகேட்டர் போர்ட்டின் 5ஆம் முள்ளில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் 2ஐயும் 3ஐயும் மாற்றி மாற்றித் தொடுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை எது காட்டுகிறதோ அதுதான் அனுப்பும் முள், மற்றது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் இண்டிகேட்டர் என்றால் மீட்டரில் எண் நிலைக்காமல் ஆடும், அது நல்ல சகுனம்தான். அனுப்பும் முள் 2 என்றால் ஸ்ட்ரெய்ட் கேபிள் (2க்கு 2, 3க்கு 3), 3 என்றால் க்ராஸ் கேபிள் (2ம் 3ம் இடம் மாறியது). எஸ்பி ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெறுமனே 'சீரியல் கேபிள்' என்று கேட்டு வாங்கி வராதீர்கள், எது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்ததும் எந்த முள் எந்த முள்ளுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் கன்டின்யூட்டியும் பார்த்துவிடுங்கள். ஆண் முனை, பெண் முனை என்பதை வைத்து முள் வரிசையை ஊகிக்கவே கூடாது. நான் ஊகித்து ஒரு மதியத்தையே தொலைத்திருக்கிறேன்.

இதில் ஒரு வசதி உண்டு. ஒன்பது முள் ஆண் முனை உள்ள டிவைஸ் சர்வர்களுக்கும் உங்கள் யூஎஸ்பி-சீரியல் கேபிளுக்கும் பொதுவாக முள் வரிசை ஒன்றுதான். ஆகவே லேப்டாப்பில் எடை காட்டிய அதே கேபிள் பெட்டியிலும் வேலை செய்யும்.

படி 2: பெட்டிக்கு ஐபி கொடுங்கள்

சரி, இப்போது அட்டையைப் பிரிக்கலாம். மின்சாரம் கொடுக்கும் முன் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். மோக்ஸா கம்பெனியின் என்போர்ட் 5110 மாதிரியான பெட்டிகள் 12 முதல் 48 வோல்ட் டிசி வரை ஏற்கும், ஆனால் 5 வோல்ட் மட்டும் கேட்கும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன.

பெட்டியை ஆபீஸ் சுவிட்சில் மாட்டாமல் முதலில் லேப்டாப்போடு நேரடியாக இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். என்போர்ட் 5110 கம்பெனியிலிருந்து வரும்போது 192.168.127.254 என்ற முகவரியில் இருக்கும். மற்ற கம்பெனிப் பெட்டிகளில் வேறாக இருக்கும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள். லேப்டாப்புக்கு 192.168.127.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துவிட்டு, பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும்.

அங்கே உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கைச் சேர்ந்த ஒரு நிலையான ஐபியைக் கொடுங்கள், உதாரணமாக 192.168.1.60. ரவுட்டரே தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபிக்கு விட்டால் என்றோ ஒரு நாள் முகவரி மாறிவிடும், அன்றைக்கு எடை நின்றுபோகும். ரவுட்டர் டிஎச்சிபியில் பிரித்துக் கொடுக்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்து எடுங்கள். எடுப்பதற்கு முன் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து அதைப் பிங் செய்யுங்கள் (அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை), பதில் வந்தால் வேறு யாரோ அதில் குடியிருக்கிறார்கள். ஒருமுறை நான் பிங் பார்த்தபோது பதில் இல்லை, தைரியமாகக் கொடுத்துவிட்டேன், மறுநாள் காலை எடையும் வரவில்லை, விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினும் வேலை செய்யவில்லை. முந்தின நாள் அந்த மெஷின் அணைந்து கிடந்திருக்கிறது, அதனால்தான் பதில் இல்லை. அதிலிருந்து, இருக்கும் ஐபிகளின் பட்டியலைக் கேட்டு வாங்காமல் கை வைப்பதில்லை.

படி 3: சீரியல் செட்டிங்

ஐபி மாறியதும் பழைய முகவரியில் பக்கம் திறக்காது. லேப்டாப்பின் ஐபியைப் பழையபடி மாற்றி அதை ஆபீஸ் நெட்வொர்க்கில் இணையுங்கள், பெட்டியை எடைமேடைப் பக்கத்து லேன் பாயின்ட்டிலும் இண்டிகேட்டரிலும் மாட்டி, புது முகவரியில் செட்டிங் பக்கத்தைத் திறங்கள். படி 1இல் லேப்டாப்பில் ஓடிய அதே எண்களை இங்கே போடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலை ('நிறுத்து, அனுப்பு' என்று இரு பக்கமும் பேசிக்கொள்ளும் முறை) மறந்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் அது ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்று இருக்கும், மூன்று வயர் மட்டும் உள்ள எடைமேடைக்கு 'நன்' (None) என்று மாற்ற வேண்டும். (சிஎன்சி மெஷின் கோர்ப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே நகல் எடுக்காதீர்கள், அங்கே ஏழு பிட், ஈவன் பாரிட்டி, எக்ஸான்/எக்ஸாஃப் என்று வேறு உலகம்.)

படி 4: மோடு

பெட்டியும் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் எப்படி இணைகின்றன என்பதுதான் மோடு. டிசிபி சர்வர் மோடில் பெட்டி காத்திருக்கும், கம்ப்யூட்டர் போய் இணையும். டிசிபி கிளையன்ட் மோடில் பெட்டியே கம்ப்யூட்டரைத் தேடிப் போகும். மூன்றாவது விர்ச்சுவல் காம் போர்ட், மோக்ஸாவில் ரியல் காம் என்பார்கள்: கம்ப்யூட்டரில் டிரைவர் நிறுவினால் அறுபது மீட்டருக்கு அப்பால் உள்ள போர்ட் காம்-5 என்று பக்கத்திலேயே இருப்பதுபோலத் தெரியும். உங்கள் பில்லிங் மென்பொருளுக்குக் காம் போர்ட் மட்டும்தான் தெரியும் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். காம் போர்ட்டின் எண்ணை ஒற்றை இலக்கத்திலேயே வையுங்கள், பழைய மென்பொருள்கள் பலவற்றுக்குக் காம்-9க்கு மேல் கண் தெரியாது.

எதுவானாலும் முதலில் டிசிபி சர்வரில் வைத்துச் சோதியுங்கள். புட்டியில் 'ரா' (Raw) என்று தேர்ந்தெடுத்து, பெட்டியின் ஐபியும் டிசிபி போர்ட் எண்ணும் (என்போர்ட்டில் 4001) கொடுத்தால் எடை ஓட வேண்டும். ஓடியதும் புட்டியை மூடிவிட்டு மோடை மாற்றுங்கள், மூடாவிட்டால் மென்பொருளுக்கு இடம் கிடைக்காது. இந்தப் பெட்டிகள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்கும்.

கரண்ட் போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தாலும் இதே கதைதான். பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும், புதிதாக வந்தவரை உள்ளே விடாது. டிசிபி அலைவ் செக், கீப் அலைவ் என்று ஏதாவது பெயரில் உள்ள நேரத்தை ஒரு நிமிடமாகக் குறையுங்கள்.

படி 5: துண்டாகும் எடை

சில நேரம் 12.45 என்று வர வேண்டியது முதலில் 12 என்றும் பிறகு .45 என்றும் இரண்டு பாக்கெட்டாக வரும். பாக்கெட் வந்ததும் எடுத்துக்கொள்ளும் மென்பொருளாக இருந்தால் பில்லில் பன்னிரண்டு கிலோதான் ஏறும். இதைத்தான் அண்ணன் இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். பெட்டியில் டிலிமிட்டர் என்று ஒரு இடம் இருக்கும், எடை வரியின் கடைசியில் வரும் எழுத்தை அங்கே கொடுத்தால் அது வரும்வரை சேர்த்துவைத்து ஒரே பாக்கெட்டாக அனுப்பும். பல இண்டிகேட்டர்களில் கடைசி எழுத்து லைன் ஃபீட் அல்லது கேரேஜ் ரிட்டர்ன், வரி முடிந்ததைச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்.

கடைசியாக, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சாதாரண மாடல்களில் டேட்டா பூட்டில்லாமல்தான் போகும், ஆகவே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டு இன்டர்நெட்டுக்குத் திறக்கவே வேண்டாம். ஐபி, பாட் ரேட், மோடு மூன்றையும் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். அடாப்டர் மேலும் 'கழற்றாதே' என்று கன்னடத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள், பீன்யாவில் அந்த சாக்கெட்டில் போன் சார்ஜர் மாட்ட வருபவர் எந்த ஊர்க்காரராகவும் இருப்பார்.